கைகளின் தீவு – 9: பரவியதால் தேய்ந்த கலை

1908 அக்டோபரில் ஒகினாவாவின் கல்வி அதிகாரிகளுக்கென்று ஒரு கடிதம் எழுதப்பட்டது. எழுதியவர் இதோசு அங்கோ. அப்போது அவருக்கு வயது எழுபத்தேழு. ஒகினாவாவை ஆண்ட ரியூக்யூ அரசில் எழுத்தராகப் பணியாற்றி, அந்த அரசே இல்லாமல் போன பிறகும் ஷுரி நகரில் வாழ்ந்துகொண்டிருந்த கராத்தே ஆசான். கடிதத்தில் பத்து அம்சங்கள். இதைப் பயில்பவனின் உடல் இரும்பாக இறுகும். சிறுவயதிலேயே தொடங்கினால் பிற்காலத்தில் ராணுவத்துக்கு உதவும். நெப்போலியனைத் தோற்கடித்த வெலிங்டன், அந்த வெற்றி பள்ளி மைதானத்தில் விளைந்தது என்று சொன்னதாகப் பேச்சு உண்டே, அதை எண்ணிப்பாருங்கள். இப்படிப் போகிறது வாதம். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இதைக் கற்றுக்கொடுத்தால் அங்கே படித்து வெளியே போகிறவர்கள் ஊர் ஊராகப் பரப்புவார்கள், பத்து வருடத்துக்குள் ஜப்பானின் பிற பகுதிகளுக்கும் போய்விடும் என்று முடிக்கிறார்.

காலக்கணக்கில் கொஞ்சம் தவறினாலும் அவர் சொன்னது நடந்தது. இன்று கராத்தே இல்லாத நாட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த வெற்றிக்கு அந்தக் கலை என்ன விலை கொடுத்தது என்பதுதான் இந்த அத்தியாயம். கவனிப்பாரற்றுப் போகும் கலை அழியும் என்பது நமக்குத் தெரிந்த கதை. கராத்தே கொண்டாடப்பட்டே தேய்ந்தது. தேய்த்தவர்களில் பெரும்பாலோர் அதை உயிராக நேசித்தவர்கள். இதோசுவும் அவர்களில் ஒருவர். இதைச் சொல்ல எனக்கு மனம் கனக்கிறது, ஏனென்றால் அவர் இல்லையென்றால் இந்தத் தொடரை எழுத எதுவும் மிஞ்சியிருக்காது.

கடிதத்தின் முதல் வரிகளைப் பற்றி இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். கராத்தே பௌத்தத்திலிருந்தோ கன்ஃபூசியத்திலிருந்தோ வந்ததில்லை, சீனாவிலிருந்து வந்தது என்றுதான் இதோசு தொடங்குகிறார். 2011-இல் ‘7ஆம் அறிவு’ வெளிவந்ததிலிருந்து, காஞ்சிபுரத்து போதிதர்மர்தான் எல்லாக் கிழக்காசியப் போர்க்கலைக்கும் மூலம் என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக வேரூன்றிவிட்டது. போதிதர்மரை உடற்பயிற்சியோடு இணைக்கும் செய்தி, 17-ஆம் நூற்றாண்டில் எழுந்த யீஜின்ஜிங் என்ற சீன நூலில்தான் முதலில் தலைகாட்டுகிறது. அவர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு அது ஆயிரம் வருடம் பிந்தியது. அவர் தென்னிந்தியர் என்று சொல்லும் பழைய சீனக் குறிப்பு உண்டு, பாரசீகத்தவர் என்று சொல்லும் குறிப்பும் உண்டு. அவர் கையோங்கி யாருக்கும் எதையும் கற்றுக்கொடுத்ததாகச் சொல்லும் பழைய குறிப்பு இல்லை. போதிதர்மர் நமக்குப் பெருமைதான். ஆனால் ஒகினாவா மக்கள் தங்கள் மண்ணில் வியர்வை சிந்தி வளர்த்ததை அவர்களுக்கே விட்டுவிடுவதுதான் நியாயம்.

இரவுப் பாடம்

இதோசுவின் கடிதத்துக்கு முந்தைய உலகத்தில் கராத்தேவுக்குச் சீருடை கிடையாது, பெல்ட் கிடையாது, தேர்வு கிடையாது. கற்றுக்கொள்ளக் கட்டணம் கட்டும் பள்ளியும் கிடையாது. ஆசானின் வீட்டு முற்றம், நம்பிக்கைக்குரிய இரண்டு மூன்று பேர், இரவு நேரம். அவ்வளவுதான். 1868-இல் ஷுரியில் பிறந்த ஃபுனகோஷி கிச்சின், தான் அசாதோ அங்கோ என்ற ஆசானின் வீட்டுக்கு இருட்டில் விளக்கோடு நடந்துபோய்ப் படித்த நாட்களைப் பின்னாளில் எழுதிவைத்திருக்கிறார். ஒரே கட்டாவை மாதக்கணக்கில் செய்ய வேண்டும். ஆசான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். மறுபடியும் செய் என்பதைத் தவிர அதிகம் பேசமாட்டார். நைஹான்சி என்ற மூன்று கட்டாக்களுக்கு மட்டும் பத்து வருடம் ஆனதாக ஃபுனகோஷி சொல்கிறார்.

கட்டா என்றால் எதிரில் ஆள் இல்லாமல் ஒருவரே செய்யும் அசைவுத் தொடர். ஏடு இல்லாத கலைக்கு அதுதான் பாடநூல். குத்தும் தடுப்பும் மட்டும் அதில் இல்லை. மணிக்கட்டைப் பிடித்து முறுக்குவது, முழங்கையைப் பூட்டுவது, காலை வாரி வீழ்த்துவது, தொண்டையையும் கண்ணையும் விரல் நுனியால் தாக்குவது எல்லாமே அந்த அசைவுகளுக்குள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு அது கையை வீசுவதாகத் தெரியும். எந்த அசைவுக்கு என்ன பிரயோகம் என்பதை ஆசான் தன் கையால் மாணவனின் கையைப் பிடித்துக் காட்ட வேண்டும். வாய்மொழியாக வாங்கிக்கொள்ள வேண்டியது நிறைய உண்டு என்று இதோசுவின் கடிதமே ஒப்புக்கொள்கிறது. வைக்கோல் கயிறு சுற்றி மண்ணில் நட்ட பலகையை, மகிவாரா என்பார்கள், நாளொன்றுக்கு நூறு இருநூறு முறை குத்தச் சொல்கிறது.

இந்த உலகம் தானாகவே சரிந்துகொண்டிருந்தது. 1879-இல் ஜப்பானின் மெய்ஜி அரசு ரியூக்யூ அரசை ஒழித்து ஒகினாவா மாகாணம் ஆக்கியது. மன்னர் ஷோ தாய் டோக்கியோவுக்குக் கொண்டுபோகப்பட்டார். அரண்மனையை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் வருமானம் இழந்தன. மன்னர்களின் மெய்க்காவலராக இருந்த மட்சுமுரா சோகோன் போன்றவர்களின் கலைக்கு இனி யார் புரவலர்? இரவில் கற்றுக்கொடுக்க ஆசான்கள் இருந்தார்கள். கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்குப் பிழைப்பு வேறு இடத்தில் இருந்தது. 1898-இல் கட்டாய ராணுவ சேவையும் ஒகினாவாவுக்கு வந்துவிட்டது.

இதோசு எடுத்த முடிவை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். 1901-இல் ஷுரியின் தொடக்கப் பள்ளியில் கராத்தே நுழைந்தது. 1905 வாக்கில் நடுநிலைப் பள்ளியிலும் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியிலும் அவரும் அவருடைய மாணவர்களும் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு முற்றத்தில் மூன்று பேருக்குச் சொல்லிக்கொடுத்ததை மைதானத்தில் நூறு பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது? பழைய நீளமான கட்டாக்களிலிருந்து எடுத்து, சிறுவர்களுக்கு ஏற்ற ஐந்து கட்டாக்களை அவர் கோத்தார். அவைதான் பினான். ஃபுனகோஷி பின்னாளில் ஹெய்யான் என்று பெயர் மாற்றியவை. இன்று சென்னையிலோ கோலாலம்பூரிலோ வகுப்புக்குப் போகும் பிள்ளைகளில் பலர் முதலில் படிப்பதும் இவற்றைத்தான்.

விரல் நுனித் தாக்குதல்கள் குறைந்து மூடிய முஷ்டி வந்தது. பிடிகளும் பூட்டுகளும் பள்ளிப் பாடத்திலிருந்து விலகின. பன்னிரண்டு வயதுப் பையனுக்குக் கண்ணைக் குத்தச் சொல்லிக்கொடுக்க எந்த ஆசிரியர் துணிவார்? முன்பு பிடியாக இருந்த அசைவு தடுப்பு என்று விளக்கப்பட்டது. இதோசுவின் மாணவர் யாபு கென்ட்சு, சீன-ஜப்பான் போரில் பணியாற்றிய ராணுவ வீரர். அவரைப் போன்றவர்கள் கற்றுக்கொடுக்க வந்தபோது வரிசையில் நிற்பதும், எண்ணிக்கைச் சொல்லுக்கு எல்லோரும் ஒன்றாக அசைவதும் கராத்தேவின் வழக்கமாகின. பள்ளிக்காக எளிமையாக்கிய வடிவம் ஒன்று, பெரியவர்களுக்கான முழு வடிவம் வேறொன்று என்று இதோசு பிரித்தே வைத்திருந்தார் என்று நினைக்கிறேன். அடுத்தடுத்த தலைமுறைக்கு அந்த எல்லை மங்கிப்போனது. எளிய வடிவம் ஆயிரம் பேருக்குப் போனது. முழு வடிவம் சில பேரிடமே தங்கியது.

நாஹா நகரத்து மரபு இன்னொரு பாதையில் போனது. சீனாவின் ஃபுஜோவில் பயின்று திரும்பிய ஹிகாஒன்னா கன்ரியோவின் மாணவர் மியாகி சோஜுன். அவரிடம் சேர்ந்தவர்கள் சான்சின் என்ற ஒரே கட்டாவைத்தான் வருடக்கணக்கில் செய்ய வேண்டும். மெதுவான அடி, இறுகிய உடல், ஆழ்ந்த மூச்சு. ஆசான் தோளையும் தொடையையும் தட்டித் தட்டிச் சோதிப்பார். அதன் பிறகு மாணவனின் உடல்வாகைப் பார்த்து அவனுக்கென்று ஒரு கட்டா. எல்லோருக்கும் எல்லாம் கிடையாது. ஆனால் 1940-இல் மாகாண ஆளுநர் அமைத்த குழு, மக்களுக்குப் பரப்ப எளிய கட்டா வேண்டும் என்று கேட்டபோது இதே மியாகியும், நாகமினே ஷோஷின் என்ற இன்னோர் ஆசானும் புதிய கட்டாக்களை அமைத்துக் கொடுத்தார்கள். எவ்வளவு பிடிவாதமான ஆசானையும் அந்தக் காலம் இந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது.

டோக்கியோவின் நிபந்தனைகள்

ஃபுனகோஷி டோக்கியோவுக்குப் போன கதையைச் சென்ற அத்தியாயத்தில் விரிவாகப் பார்த்தோம். 1922-இல் கல்வி அமைச்சகத்தின் கண்காட்சிக்குப் போனவர், ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோவின் அழைப்பில் அவருடைய பள்ளியான கோடோகானில் செய்துகாட்டி, அங்கேயே தங்கிவிட்டார். ஒகினாவா மாணவர் விடுதி ஒன்றில் கூட்டிப் பெருக்கித் தோட்டவேலை பார்த்துக்கொண்டு கற்றுக்கொடுத்தார். அந்த வறுமையும் அந்தப் பிடிப்பும் வணங்கத்தக்கவை. இங்கே நான் பார்க்க விரும்புவது, தலைநகரம் அவரிடமிருந்து எதையெல்லாம் கேட்டது என்பதை.

முதலில் தோற்றம். ஜூடோவிலிருந்து வெள்ளைச் சீருடையும் கருப்பு பெல்ட்டும் வந்தன. 1924-இல் ஃபுனகோஷி முதன்முதலாக ‘தான்’ (dan) எனப்படும் கருப்பு பெல்ட் தரங்களை வழங்கினார். அடுத்தது பெயர். ‘சீனக் கை’ என்று பொருள்பட எழுதிவந்ததை ‘வெறுங்கை’ என்று எழுதத் தொடங்கினார்கள். சீனாவோடு போருக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த ஜப்பானில் பழைய பெயரோடு நிமிர்ந்து நிற்க முடியவில்லை. 1936 அக்டோபர் 25-இல் நாஹாவில் ரியூக்யூ ஷிம்போ நாளிதழ் கூட்டிய கூட்டத்தில் ஹனஷிரோ சோமோ, கியான் சோதோகு, மோதோபு சோகி, மியாகி சோஜுன், சிபானா சோஷின் முதலிய ஆசான்கள் கூடி இந்த மாற்றத்தை ஏற்றுக்கொண்டார்கள். ஒகினாவா சட்டமன்றம் 2005-இல் அந்தத் தேதியைக் கராத்தே தினமாக அறிவித்தது. கலையின் திருநாளாகக் கொண்டாடப்படுவது, அது தன் சீன வேரைப் பெயரிலிருந்து நீக்கிக்கொண்ட நாள். கொண்டாடுபவர்கள் இதையும் சேர்த்து நினைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

மூன்றாவதுதான் ஆழமான மாற்றம். பல்கலைக்கழக மாணவர்கள் மோத விரும்பினார்கள். ஜூடோவிலும் கெண்டோவிலும் போட்டி உண்டு, கராத்தேவில் மட்டும் ஏன் இல்லை என்று கேட்டார்கள். டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழக மாணவர்கள் பாதுகாப்புக் கவசம் அணிந்து மோதத் தொடங்கியபோது ஃபுனகோஷி அந்தக் குழுவுக்குக் கற்றுக்கொடுப்பதையே நிறுத்திக்கொண்டார். ஆனால் அலை நிற்கவில்லை. தூரத்தில் நின்று பாய்ந்து தாக்கும் போட்டிக்கு, கைக்கெட்டும் தூரத்தில் பிடித்து முறுக்கும் நுட்பங்கள் தேவைப்படவில்லை. அவருடைய மகன் யோஷிதகா காலத்தில் நிலைகள் நீண்டன, தாழ்ந்தன. உதைகள் உயர்ந்தன. ஒகினாவா முற்றத்தில் இயல்பாக நின்று செய்த கட்டா, டோக்கியோவின் மரத்தரையில் அகன்று விரிந்து கம்பீரமாகியது. அந்தக் கம்பீரத்தில் அழகு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பல அசைவுகள் எதற்காகப் பிறந்தனவோ அந்தக் காரணம் அந்த நீளத்தில் ஒட்டவில்லை.

1945

இதுவரை சொன்ன தேய்மானம் மெல்ல நடந்தது. ஒகினாவாப் போர் மூன்றே மாதத்தில் நடந்தது. 1945 ஏப்ரல் 1-இல் அமெரிக்கப் படைகள் முதன்மைத் தீவில் இறங்கின. ஜப்பானியப் படைத் தலைமையகம் ஷுரி அரண்மனைக்கு அடியில் சுரங்கத்தில் இருந்தது. அரண்மனையும் நகரமும் குண்டுவீச்சில் தரைமட்டமாயின. ஜூன் இறுதியில் எல்லாம் முடிந்தபோது தீவு மக்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் உயிரோடு இல்லை. இதோமானில் உள்ள அமைதி நினைவுக் கற்களில் நாடு வேறுபாடின்றி 2,40,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

இதோசுவின் மூத்த மாணவர் ஹனஷிரோ சோமோ அந்த ஆண்டு இறந்தார். கியான் சோதோகு போரைத் தாண்டிப் பிழைத்து, சில மாதங்களிலேயே இஷிகாவா அகதி முகாமில் உயிர்விட்டார். அப்போது அவருக்கு வயது எழுபத்துநான்கு. மியாகி சோஜுன் தன் பிள்ளைகளில் சிலரை இழந்தார். தனக்குப் பிறகு இவன்தான் என்று வளர்த்திருந்த ஷின்சாதோ ஜின்அனையும் இழந்தார். டோக்கியோவில் ஃபுனகோஷியின் டோஜோ, அதாவது பயிற்சிக்கூடம், விமானத் தாக்குதலில் எரிந்தது. மகன் யோஷிதகாவும் அதே ஆண்டு காசநோயில் போய்ச் சேர்ந்தார்.

ஏட்டில் எழுதாத கலைக்கு ஆசான்தான் நூலகம். அவரோடு எந்தக் கட்டாவின் எந்தப் பிரயோகம் போனது என்று பட்டியல் போடக்கூட வழியில்லை. போரில் எரிந்த கோயில் கோபுரத்தைப் பழைய படத்தைப் பார்த்துத் திரும்பக் கட்டலாம். ஷுரி அரண்மனையை அப்படித்தான் 1992-இல் எழுப்பினார்கள், 2019 அக்டோபர் 31-இல் தீப்பிடித்து எரிந்த பிறகு மறுபடியும் எழுப்பத் தொடங்கினார்கள். ஹனஷிரோவின் கையைப் படத்தைப் பார்த்து மீட்க முடியாது.

போருக்குப் பிறகு 27 வருடம், 1972 மே 15 வரை, ஒகினாவா அமெரிக்க நிர்வாகத்தில் இருந்தது. பசித்த தீவில் ஆசான்களுக்குக் கட்டணம் கொடுத்துப் படிக்க வந்தவர்கள் அமெரிக்கப் படைவீரர்கள். ஷிமாபுகுரோ தட்சுவோ போன்றவர்கள் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்துத்தான் டோஜோவை நடத்தினார்கள். ஒரு வருடமோ இரண்டு வருடமோ இருந்துவிட்டு, ஊர் திரும்பும்போது கருப்பு பெல்ட்டோடு போனவர்கள் அமெரிக்கா முழுக்கப் பள்ளிகள் திறந்தார்கள். அதேநேரத்தில் டோக்கியோவில், 1957 ஏப்ரலில் ஃபுனகோஷி மறைந்தார். அதே ஆண்டு ஜப்பான் கராத்தே சங்கம் தன் முதல் தேசியப் போட்டியை நடத்தியது. 1970-இல் முதல் உலகப் போட்டி. அதன் பிறகு வந்தது உலகம் முழுவதும் நமக்குத் தெரிந்த கராத்தே.

தாய்வீட்டில் ஒரு பிளவு

இந்தத் தொடருக்காகப் படித்தவற்றில் என்னை அதிகம் பாதித்தது 1981-இல் ஒகினாவாவில் நடந்த பிளவுதான். வெளியுலகத்தில் இதை அறிந்தவர்கள் குறைவு.

1987-இல் ஜப்பானின் தேசிய விளையாட்டு விழா ஒகினாவாவில் நடப்பதாக முடிவானது. அந்த விழாவில் கராத்தேவும் உண்டு. தங்கள் மண்ணில், தங்கள் கலையில், தங்கள் பிள்ளைகள் கலந்துகொள்ள வேண்டுமென்றால் ஜப்பான் கராத்தே கூட்டமைப்பில் சேர்ந்தாக வேண்டும். அந்தக் கூட்டமைப்பு கட்டாப் போட்டிக்கு ஏற்றுக்கொண்டவை நான்கு பள்ளிகளின் வடிவங்கள்: ஷோட்டோகான், கோஜு ரியூ, ஷிட்டோ ரியூ, வாடோ ரியூ. ஒகினாவாவின் ஷோரின் ரியூ அதில் இல்லை. உஎச்சி ரியூ இல்லை. இதோசுவின் நேரடி மாணவர் சிபானாவின் வழியில் வந்த ஒருவர் தன் ஆசான் கொடுத்தபடி கட்டா செய்தால் அந்த மேடையில் அதற்கு மதிப்பெண் இல்லை. டோக்கியோவில் நீண்டுபோன நிலையை ஒகினாவாக்காரர் திரும்பக் கற்றுக்கொண்டு வந்து செய்ய வேண்டும்.

மூத்த ஆசான்கள் பலர் மறுத்தார்கள். பிள்ளைகளின் எதிர்காலத்தை அடைக்கக் கூடாது என்று வேறு சிலர் சேர விரும்பினார்கள். ஒரே அமைப்பாக இருந்தது உடைந்தது. சேர விரும்பியவர்கள் தனி அமைப்பு கண்டார்கள். இரு தரப்பிலும் நியாயம் இருந்தது என்பதுதான் இதில் வேதனை. போட்டியில் சேராவிட்டால் இளைஞர்கள் டோஜோவுக்கே வரமாட்டார்கள். சேர்ந்தால் அவர்கள் வருவது வேறொன்றைக் கற்க. அந்தக் காயம் ஆற இருபத்தேழு வருடம் ஆனது. 2008-இல்தான் தீவின் நான்கு பெரிய அமைப்புகளும் ஒகினாவா மரபுக் கராத்தே மேம்பாட்டுச் சங்கம் என்ற ஒரே கூரையின் கீழ் வந்தன.

மறுத்தவர்களைப் பிற்போக்காளர்கள் என்று எழுதியவர்கள் உண்டு. என் முடிவு வேறு. அவர்கள் அன்று மறுத்ததால்தான் இன்று ஒப்பிட்டுப் பார்க்க நமக்குப் பழைய வடிவம் ஒன்று இருக்கிறது.

காத்தவர்கள்

ஆயுத வரிசைகள் பிழைத்தது பெரும்பாலும் டைரா ஷின்கென் என்ற ஒருவரின் உழைப்பால். கோல், சாய், தோன்ஃபா, நுன்சாக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கிராமத்தில் ஒரு கிழவரிடம் ஒரு கட்டா ஒட்டிக்கொண்டிருந்த காலம். ஃபுனகோஷியிடமும் பிறகு யாபிகு மோடெனிடமும் படித்த டைரா, வாழ்நாள் முழுக்க அவற்றைத் தேடித் தேடிச் சேர்த்தார். 1970-இல் அவர் இறக்கும்போது நாற்பதுக்கும் மேற்பட்ட ஆயுதக் கட்டாக்கள் ஒரே மரபாகக் கோக்கப்பட்டிருந்தன. அவர் தொடங்கிய பாதுகாப்புச் சங்கத்தின் கிளைகள் இன்றும் அவற்றைக் கற்றுக்கொடுக்கின்றன. பெரிய நிதியோ அரசு ஆணையோ இல்லாமல் நடந்த வேலை இது.

நகாய்மா குடும்பத்தின் கதை இதற்கு நேரெதிர்த் திசையில் போகிறது. ஃபுஜோவிலிருந்து கொண்டுவந்த கலையை அவர்கள் தலைமுறை தலைமுறையாக வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தார்கள். தந்தை மகனுக்கு மட்டும். அந்தக் குடும்பத்தின் நகாய்மா கென்கோ, தன்னோடு இது முடிந்துவிடும் என்று உணர்ந்து, 1970-களின் தொடக்கத்தில், ஏறக்குறைய அறுபது வயதில், கதவைத் திறந்து வெளியாருக்குக் கற்றுக்கொடுத்தார். அப்படிச் சேர்ந்தவர்களில் ஒருவர் சகுமோதோ ட்சுகுவோ. அவர் மூன்று முறை உலகக் கட்டா சாம்பியன் ஆனார். அவருடைய மாணவர் கியுனா ரியோ, 2021 ஆகஸ்ட் 6-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் கட்டாப் பிரிவில் தங்கம் வென்றார். ஒகினாவாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம் அது. மறைந்த தாயின் படத்தைக் கையில் ஏந்தி அவர் மேடையில் நின்றதை உலகமே பார்த்தது.

ஒரு வீட்டுக்குள் நூறு வருடம் மறைந்திருந்த மரபு, ஒளிக்க வேண்டாம் என்று ஒரு முதியவர் எடுத்த முடிவால் ஒலிம்பிக் மேடைக்கு வந்தது. அப்படியானால் போட்டி மரபைக் கெடுக்கிறது என்ற என் வாதம் என்னாகும்? கியுனாவின் கட்டாவைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதன் துல்லியத்தில் எனக்குக் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் அன்றைய விதிப்படி நடுவர்கள் நுட்பத்துக்கு 70 விழுக்காடும் உடல்திறனுக்கு 30 விழுக்காடும் மதிப்பெண் போட்டார்கள். தனிநபர் போட்டியில், இந்த அசைவால் எதிரியை என்ன செய்வாய் என்று யாரும் கேட்பதில்லை. கேட்கப்படாத பாடத்தை மாணவன் படிக்கமாட்டான், ஆசிரியரும் நாளடைவில் நடத்தமாட்டார்.

மறுநாள் ஆகஸ்ட் 7-இல் நடந்ததையும் பார்க்க வேண்டும். எதிராளியோடு மோதும் குமித்தே போட்டியில், கனரகப் பிரிவின் இறுதிச் சுற்றில் சவூதியின் தாரிக் ஹமீதி முன்னணியில் இருந்தார். அவருடைய உதை ஈரானின் சஜ்ஜாத் கஞ்ஜாதேவின் தலைப்பக்கம் விழுந்தது. கஞ்ஜாதே நினைவிழந்து சாய்ந்தார். உதை கட்டுப்பாடில்லாமல் விழுந்தது என்று ஹமீதி தகுதிநீக்கம் செய்யப்பட, ஸ்ட்ரெச்சரில் போனவருக்குத் தங்கம் கிடைத்தது. விளையாட்டு விதிப்படி அது சரியான தீர்ப்பு. ஆனால் வீழ்த்துவதற்கென்று பிறந்த கலையும், வீழ்த்தினால் தோல்வி என்னும் போட்டியும் எவ்வளவு தூரம் விலகிவிட்டன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. அடுத்த ஒலிம்பிக்கில், 2024 பாரிஸில், கராத்தே இடம்பெறவில்லை. எந்த மேடைக்காக இவ்வளவு விட்டுக்கொடுத்தார்களோ அந்த மேடையும் நிலைக்கவில்லை.

ஒகினாவா அரசு இப்போது விழித்துக்கொண்டிருக்கிறது. 1997-இல் நாகமினே ஷோஷின், யாகி மெய்தோகு முதலிய ஆசான்களை மாகாணத்தின் அருவப் பண்பாட்டுச் சொத்தைத் தாங்குபவர்களாக அங்கீகரித்தது. 2016-இல் கராத்தேவுக்கென்றே அரசில் தனித் துறைப் பிரிவு ஏற்படுத்தியது. 2017 மார்ச்சில் தோமிகுசுகுவில் கராத்தே கைகான் என்ற பெரிய மையம் திறக்கப்பட்டது. யுனெஸ்கோ பட்டியலில் சேர்க்கும் முயற்சி நடக்கிறது. எல்லாம் நல்லவை, வேண்டியவை. என்றாலும் கட்டடமும் பட்டியலும் கட்டாவின் வடிவத்தைத்தான் காக்கும். அதைக் காணொளிகூடக் காக்கும். பிரயோகம் பிழைப்பது மாணவன் ஆசானின் கைக்கெட்டும் தூரத்தில் வருடக்கணக்கில் நிற்கும்போதுதான். தீவில் ஏறக்குறைய 400 டோஜோக்கள் இருக்கின்றன. வீட்டோடு சேர்ந்த சிறு கூடத்தில், பகலில் வேறு வேலை பார்க்கும் ஆசான், மாலையில் ஒருசிலருக்குக் கற்றுக்கொடுக்கும் இடங்கள் அவற்றில் நிறைய. வெளிநாட்டுக்காரர்கள் ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்து அங்கே நிற்கிறார்கள். உள்ளூர் இளைஞர்கள் போதிய அளவு வருவதில்லை என்பதுதான் அந்த ஆசான்களின் கவலை. அரசு கவனிக்க வேண்டிய முதல் இடம் அதுதான்.

தமிழ்நாட்டில் இதைப் படிக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை கராத்தே வகுப்புக்குப் போகிறதென்றால் அடுத்த பெல்ட் எப்போது என்று கேட்பதற்கு முன்னால், இப்போது கற்றுக்கொண்டிருக்கும் கட்டாவில் ஓர் அசைவைச் செய்துகாட்டி, இது எதற்கு என்று மாஸ்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். நல்ல மாஸ்டர் என்றால் பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்துக் காட்டுவார். தெரியாவிட்டால் தேடிப் படித்துவந்து சொல்வார். அப்படிச் சொல்பவரை விட்டுவிடாதீர்கள்.

(தொடரும்)